புகைக்கு ஆழம் கிடையாது

கேம் வரைந்து முடித்த ஃபிரேமைத் திரைக்குப் போகும் வழியில் மறித்து, அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி அனுப்புவதே போஸ்ட் பிராசஸிங். கேமுக்குள் இருக்கும் வீட்டையோ மரத்தையோ மனிதரையோ அது தொடுவதில்லை. எழுதி முடித்த ஓவியத்தின் மேல்தான் அதன் வேலை. புதிய டெக்ஸ்சரும் புதிய மாடலும் சேர்க்கும் மோட் வேறு சரக்கு. இரண்டும் ‘கிராபிக்ஸ் மோட்’ என்ற ஒரே பெயரில் உலவுவதால்தான் பாதிக் குழப்பம். ‘நிஜம்போலவே’ என்று விளம்பரம் செய்யப்படும் ப்ரீசெட்களில் (ஆயத்த அமைப்புத் தொகுப்புகளில்) பெரும்பாலானவை நிறத்தைக் கொஞ்சம் தணித்து, விளிம்பைக் கூர்மையாக்கி, நிழலை அடர்த்தியாக்கியவை மட்டுமே.

இந்த வகைக் கருவிகளில் பெயர்பெற்ற முன்னோடி போரிஸ் வொரன்ட்சோவ் எழுதிய ஈஎன்பி. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், பின்னர் ஸ்கைரிம் என்று குறிப்பிட்ட கேம்களுக்கென்றே தனித்தனியாகத் தைக்கப்பட்ட சட்டை அது. யாருக்கும் பொருந்தும் சட்டையாக வந்தது ரீஷேட். டைரக்ட்எக்ஸ் 9 முதல் 12 வரை, ஓபன்ஜிஎல், வல்கன் என எதில் ஓடும் கேமிலும் அது நுழையும். அதன் மூலநிரல் 2017 முதல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது.

டைரக்ட்எக்ஸ், ஓபன்ஜிஎல் கேம்களில் அது நுழையும் விதம் பழைய தந்திரம். கேம் கிளம்பும்போது டிஎக்ஸ்ஜிஐ.டிஎல்எல் போன்ற ஒரு கோப்பைக் கேட்கும். விண்டோஸ் அதை முதலில் கேமின் ஃபோல்டரிலேயே தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும். ரீஷேட் அதே பெயரைச் சூடிக்கொண்டு கேம் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது. கேம் அதையே அசல் என்று நம்பி அழைக்க, வந்த அழைப்பையெல்லாம் அது உண்மையான கோப்புக்குக் கடத்திவிடுகிறது. ‘ஃபிரேம் தயார், திரைக்கு அனுப்பு’ என்ற அழைப்பு வரும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்திவைத்துத் தன் பூச்சைப் பூசுகிறது. மால்வேர் எழுதுவோருக்கும் இந்த வாசல் நன்றாகத் தெரியும். ஊர்பேர் தெரியாத இடத்திலிருந்து இந்தப் பெயரில் வரும் கோப்பை இறக்கிக்கொள்வது அதனாலேயே ஆபத்து.

இந்தப் பூச்சைப் பூசும் சிறு நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். நிறம், ஒளி, கூர்மை மாற்றும் ஷேடர்களுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஃபோனில் புகைப்படத்துக்கு ஃபில்டர் போடுவதும் இதுவும் ஒன்றே. இங்கே நொடிக்கு 60 முறை நடக்கிறது, அவ்வளவுதான். சூட்சுமம் இருப்பது ஆழத்தில்.

ஒரு சுவரும் அதன் பின்னால் ஒரு மரமும் இருந்தால் எது எதை மறைக்கிறது என்று கிராபிக்ஸ் கார்டு தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொரு பிக்சலுக்கும், அதில் தெரியும் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற எண்ணை டெப்த் பஃபரில் எழுதிவைக்கிறது. வெறும் படமாக இருந்ததற்கு இந்த எண்கள் கிடைத்ததும் மூன்றாம் பரிமாணம் வந்துவிடுகிறது. தொலைவில் உள்ளதை மட்டும் மங்கலாக்கி கேமரா லென்ஸ்போலக் காட்டலாம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் ஆழத்தைக் கழித்துப் பார்த்தால் ஒரு பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதை வைத்துச் சுவர் மூலையிலும் மேசைக்கு அடியிலும் கேம் போடாத நிழலைப் போடலாம். கேமை எழுதியவர் துணை இல்லாமல், அவர் விட்டுவைத்த கணக்கு நோட்டைப் படித்தே இத்தனையும் நடக்கிறது.

அந்த நோட்டை வாசிப்பது எளிதல்ல. அதில் இருப்பது மீட்டர் கணக்கு அன்று. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண். மிக அருகில் வரையக்கூடிய தொலைவு 10 செ.மீ., அப்பால் எல்லை இல்லை என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. தொலைவிலேயே எண் 0.5ஐத் தொட்டுவிடும். 10 மீட்டரில் 0.99, 100 மீட்டரில் 0.999. மூக்குக்கு நேரே உள்ள இடத்துக்குப் பாதி நோட்டு, மலைக்கும் வானத்துக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலை. தூரத்துத் துல்லியம் இப்படிப் போய்விடுவதால் புதிய கேம்கள் பலவும் கணக்கைத் தலைகீழாக்கி, அருகே 1, தொலைவில் 0 என்று வைக்கின்றன. தசம எண்கள் பூச்சியத்தை ஒட்டித்தான் நெருக்கமாகக் கிடைக்கும். எந்த கேம் எந்த வழியில் எழுதுகிறது என்பது ரீஷேடுக்குத் தெரியாது. ஆழத்தைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் டிஸ்பிளே டெப்த் ஷேடரைப் போட்டு, அருகே கறுப்பும் தொலைவில் வெள்ளையும் வரும்வரை பயனரே அமைப்புகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கேமில் இப்படிப்பட்ட பஃபர்கள் பல இருக்கும். நிழலுக்கென்றே தனியாகவும் உண்டு. சரியானதை ரீஷேட் அளவை வைத்து ஊகிக்கிறது. 1080 திரையில், சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸை ‘குவாலிட்டி’யில் வைத்தால் கேம் உள்ளே 1280×720இல்தான் வரைகிறது, பஃபரும் அந்த அளவுக்குச் சுருங்கிவிட, ஊகம் தடுமாறும். நேற்றுவரை வேலைசெய்த நிழல் இன்று காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அந்த நோட்டில் எழுதப்படாத ஒன்று உண்டு: புகை. கண்ணாடி, தூசி, புகைபோல ஊடுருவித் தெரியும் பொருள்கள் கடைசியில் வரையப்படுகின்றன. அவை படத்தின் நிறத்தை மாற்றும். ஆழத்தைப் பொதுவாக மாற்றுவதில்லை. திரையில் வெண்புகை நிறைந்திருந்தாலும் டெப்த் பஃபரில் இருப்பது அதற்குப் பின்னால் நிற்கும் ஆளின் தொலைவு. தனியாக ஆடும் கேமில் இது அழகுக் கேடு மட்டுமே: மூடுபனியின் மேல் பின்னாலுள்ள தூணின் நிழல் கோடாகத் தெரியும். துப்பாக்கிச் சண்டைப் போட்டியில் கதையே வேறு. எதிராளி புகைக்குண்டு வீசி மறைந்துகொள்ள, ஆழத்தை நிறமாகக் காட்டும் நாலைந்து வரி ஷேடர் அவரைப் புகைக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்திவிடும். இதற்கென்று ஏமாற்று மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

ரீஷேடின் வழக்கமான பதிப்பு இதற்குப் போட்ட பூட்டு சுவாரஸ்யமானது. எது போட்டி கேம், எது தனி கேம் என்று அது பட்டியல் வைத்துக்கொள்வதில்லை. கேம் இணையத்தோடு எவ்வளவு பேசுகிறது என்று எண்ணிப் பார்க்கிறது. பேச்சு அதிகமானால் டெப்த் பஃபரை மூடிவிடுகிறது. ஊகமே காவலாளி என்பதால் நிரபராதிகளும் மாட்டுகிறார்கள்: தனியாக ஆடும் கேம் தன் நிறுவனத்தோடு எதையாவது பேசிக்கொண்டிருந்தால் அங்கேயும் ஆழம் போய்விடும். முழு ஆட்-ஆன் வசதியுள்ள இன்னொரு பதிப்பில் இந்தப் பூட்டு கிடையாது. ‘தனி ஆட்டத்துக்கு மட்டும்’ என்ற எச்சரிக்கையோடுதான் அது கொடுக்கப்படுகிறது. எச்சரிக்கை யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை. வழக்கமான பதிப்பு டிஜிட்டல் கையொப்பமிடப்பட்டது என்று சொல்வதையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பதற்கே கையொப்பம் சான்று. அது என்ன செய்யும் என்பதற்கு அல்ல.

ஃபைனல் ஃபேண்டஸி 14 எப்போதும் இணையத்தில் ஓடும் கேம். அதில் ஆழம் கேட்டவர்களிடையே பரவியது ரீஷேடின் கிளைப் பதிப்பான ஜிஷேட். 2023 பிப்ரவரியில் அதன் ஒரு புதுப்பிப்பில் விபரீதமான சில வரிகள் இருந்தது வெளிவந்தது. அதன் புதுப்பிப்பு முறையைச் சுற்றிப்போகும் வேறொரு கருவியைப் பயனர் இயக்கினால், அவருடைய கணினியையே மறுதொடக்கம் செய்துவிடும் வரிகள் அவை. ஷேடர் எழுதியவர்கள் பலர் தங்கள் படைப்புகளை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பயனர்கள் கூட்டமாக ரீஷேடுக்குத் திரும்பினார்கள். நிழல் போடவும் நிறம் மாற்றவும் வந்த கோப்புக்குக் கணினியையே மறுதொடக்கம் செய்யும் அதிகாரம் இருந்தது என்பதைப் பலர் அன்றுதான் யோசித்துப் பார்த்தார்கள்.

‘ரே டிரேசிங் ஷேடர்’ என்ற சொல்லிலும் கொஞ்சம் மிகை உண்டு. பாஸ்கல் கில்ச்சரின் ஆர்டிஜிஐ 2019இல் வந்து பெரிய பேச்சானது. ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணக்கிடுவது உண்மைதான், ஆனால் திரையில் தெரியும் பிக்சலுக்குள் மட்டும். ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சிவப்புச் சுவர் அதற்கு இல்லாத சுவர். கேமராவைத் திருப்பியதும் சிவப்பு ஒளி வந்து ஒட்டிக்கொள்ளும், மறுபடி திருப்பினால் உதிர்ந்துவிடும். ஆர்டிஎக்ஸ் கார்டின் தனி வன்பொருளை அது பயன்படுத்துவதில்லை. அதனால்தான் பழைய கார்டிலும் ஓடுகிறது.

இனி, மிஞ்சும் சில கேள்விகள். வேகம் குறையுமா? 60 ஃபிரேமில் ஒன்றுக்கு 16.7 மில்லிவினாடி, கார்டு ஏற்கெனவே முழு மூச்சில் ஓடும்போது ஷேடர்கள் 4 மில்லிவினாடி எடுத்தால் 48 ஃபிரேம்தான் மிஞ்சும். நிற ஷேடர்களுக்கு அவ்வளவு ஆகாது, நிழலுக்கும் ஆர்டிஜிஐக்கும் ஆகும்.

ஆட்டக்காரரின் உயிர்நிலை காட்டும் கோடும் திரை எழுத்தும் ஏன் மங்குகின்றன? பூச்சு பூசும் நேரத்தில் அவையும் படத்தோடு கலந்துவிட்டன.

என்விடியாவின் ஃபில்டர் வேறா? 2018இல் ஃப்ரீஸ்டைலாகத் தொடங்கி, 2020இல் ரீஷேட் ஷேடர்களையும் சேர்த்துக்கொண்டது. டிரைவர் வழியே, நிறுவனம் அனுமதித்த கேம்களில் மட்டும் ஓடும்.

ஆட்டக்காரரின் கணக்கு முடக்கப்படுமா? கேமைப் பொறுத்தது, கவுண்டர் ஸ்ட்ரைக்கில் வால்வ் 2020 ஜூலையில் கொண்டுவந்த ‘டிரஸ்டட் மோட்’ கையொப்பமில்லாத கோப்புகளை உள்ளே விடுவதில்லை.

வேண்டாமென்றால்? வல்கன் அல்லாத கேம்களில், கேம் ஃபோல்டரில் உள்ள அந்த டிஎல்எல்லை நீக்கினால் போதும். விண்டோஸ் மறுபடி சிஸ்டம் ஃபோல்டருக்கே போய்விடும்.