எருக்குழியும் ஊடுபயிரும்

ஒரே நிலத்தில் இரண்டு பயிர் வைத்தால் இரட்டை லாபம் என்று எண்ணுவோர் அநேகர். அவ்விரண்டு பயிருக்கும் ஆகாரம் எங்கிருந்து வரும் என்று கேட்போர் மிகச் சிலரே. இக்கேள்விக்கு விடை சொல்லாமல் கிராமந்தோறும் ஊடுபயிரைப் பற்றிப் பிரசங்கம் செய்வதால் யாதொரு பயனும் விளையாது என்பது நமது அபிப்பிராயம்.

ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் வயலை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் விளைய எட்டு ஒன்பது மாதம் ஆகும். அது முளைத்து இலை விரிக்கும் வரையில் இடைநிலம் வெறுமையாய்க் கிடந்து களையையே வளர்க்கும். அவ்விடத்தில் சின்ன வெங்காயம் ஊன்றும் குடியானவர், ஏறக்குறைய 70 நாளில் அதைப் பிடுங்கி விற்று, மஞ்சளுக்காக வாங்க வேண்டிய கடனில் ஒரு பகுதியையேனும் குறைத்துக்கொள்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் இரண்டு பயிரும் ஒரே மண்ணிலிருந்து சத்தை எடுக்கின்றன. எடுத்ததைத் திருப்பிக் கொடாதவன் நிலத்தின் முதலையே செலவு செய்கிறான்.

திருப்பிக் கொடுக்கும் வழி புதிதன்று. ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் ஆராய்ந்து வகுத்த முறையை 1931-இல் நூலாக வெளியிட்டனர். செத்தை, சருகு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கி, ஈரம் காத்து, மும்முறை புரட்டிவந்தால் மூன்று மாதத்தில் எரு ஆயத்தமாகும். உள்ளே எழும் சூடு களை விதைகளில் பெரும்பாலானவற்றைக் கொல்லும். மக்காத வைக்கோலை நிலத்தில் புதைத்தாலோ, அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைக் கவர்ந்துகொள்ளப் பயிர் வெளிறிவிடும்.

சுதந்திரம் கிடைத்த நான்கே மாதங்களில், 1947 டிசம்பரில், டில்லியில் அகில இந்தியக் கம்போஸ்டு மகாநாடு கூடிற்று. காந்தியடிகளும் அதைப் பற்றி எழுதினார். இவ்வளவு காலம் சென்ற பின்னும், சாம்பற்சத்து உரத்தை ஏறக்குறைய முழுவதும் அயல்நாடுகளிடம் வாங்கிக்கொண்டே, சருகைத் தெருவோரத்தில் கொளுத்தி, அடுப்புச் சாம்பலைக் குப்பையில் எறிந்து வருகிறோம். இதைவிடப் பரிதாபம் வேறென்ன?

ஏக்கர் கணக்கில் நிலமுள்ளவருக்கு எரு வண்டி வண்டியாய் வேண்டும். மாடில்லாதவருக்கு அது எளிதன்று. இதை நாம் மறைக்கவில்லை. ஆதலால் கொல்லைக் காய்கறிப் பாத்தியிலிருந்தே தொடங்குதல் நலம். சிறிய பாத்திக்குச் சிறிய குழி போதும். கிராம சேவையை விரும்பும் நண்பர்கள் அடுத்த கூட்டத்திற்கு மேடை போடுமுன், அவ்வூரில் ஒரு குழி வெட்டிக் காட்டுவார்களாக.