வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவு அறை

புனித வாரத்தில் ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரியாகப் பாடவல்ல முதியோர் நம் இல்லங்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். பாட்டின் வரிகள் பழைய நோட்டுப் புத்தகங்களில் கிடைக்கலாம். மெட்டோ அவர்தம் நெஞ்சில் மட்டுமே உள்ளது. அக்குரல்களைக் காத்துவைக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. வீட்டின் ஓர் அறையே போதும்.

1877-ஆம் ஆண்டில் எடிசன் வெள்ளீயத் தாளில் தம் குரலைப் பதித்தபோது, குழலுக்குள் உரக்கப் பேச வேண்டியிருந்தது. இன்றைய ஒலிவாங்கியோ பெருமூச்சையும் விட்டுவைப்பதில்லை. அதுவே நன்மை, இடரும் அதுவே. நம் இல்லத்து மூதாட்டியார் பாடியதைக் கைபேசியில் பதிவு செய்த நாம், மின்விசிறியை நிறுத்த மறந்தோம். இன்று அவர் இறைவனடியில் இளைப்பாறுகிறார். நம்மிடம் உள்ள பதிவிலோ விசிறியின் இரைச்சலே மேலோங்கி ஒலிக்கிறது.

ஆகவே, கருவிகளை வாங்குமுன் அறையைக் கவனிப்போம். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்க வேண்டும். ஒலி கணகணவெனத் திரும்பினால், வெறுஞ்சுவர்களே அதற்குக் காரணம். தடித்த திரை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி ஆகியவை அவ்வொலியை உறிஞ்சிக்கொள்ளும். சன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, தெரு அடங்கிய வேளையில் பதிவு செய்தல் நலம்.

அடுத்தது ஒலிவாங்கி. கண்டென்சர் வகை நுண்ணிய ஒலியையும் வாங்கும்; அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னூட்டம் தேவை. டைனமிக் வகைக்குப் பொதுவாக அது வேண்டியதில்லை. அறையின் இரைச்சலையும் அது குறைவாகவே வாங்கும். ஆதலால் தொடக்கநிலையினருக்கு இதுவே ஏற்றது. வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்தால், 'ப'கரம் வெடித்து ஒலிக்காது. ஒலிவாங்கியைக் கணினியுடன் இணைக்க ஆடியோ இன்டர்பேஸ் என்னும் சிறு பெட்டி உதவும். பதிவதற்கு ஆடாசிட்டி போன்ற மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. ஒலியின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெலை ஒட்டி நின்றால், குரல் திடீரென உயர்ந்தாலும் பதிவு சிதையாது.

மூலப்பதிவை வேவ் கோப்பாகச் சேமித்து, வெவ்வேறு இடங்களில் மூன்று படிகள் வைப்போம். பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை அவர் வாயாலேயே தொடக்கத்தில் சொல்லச் செய்வோம்.

கருவி நாளையும் கிடைக்கும், குரல் கிடைக்குமா? இன்றைய குடும்பச் செபம் முடிந்ததும் பெரியவர்களை ஒரு பாட்டுப் பாடச் சொல்வோம். மறவாமல், விசிறியை முதலில் நிறுத்துவோம்.