கோலம் போட்ட வாசல் இருக்கா?

காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடு பிடிப்பது சுலபம். சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் நாலு தெரு சுற்றினால் போதும். டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார்: "அந்தப் பச்சைக் கதவு வீடு காலி. தண்ணி நல்லா வரும். வீட்டுக்காரம்மாதான் கொஞ்சம் முசுடு!"

ஆனால், வீடு இருப்பது மியூனிச்சில் என்றால்?

என் அக்கா மகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பினாள். அவள் அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். பேங்க் லோனும், அக்காவின் வளையலும் சேர்ந்துதான் அந்த அட்மிஷன். 'பி.காம். படிச்ச மாமா சும்மாதானே இருக்கான்' என்று இன்டர்நெட்டில் வீடு தேடும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தை 'பென்ஸ்'. அதிலும் ஏறியதில்லை!

முதல் அதிர்ச்சி, '2 ஸிம்மர்'. ஆஹா, இரண்டு பெட்ரூம் என்று குதித்தேன். ஹாலையும் சேர்த்துத்தான் இரண்டாம்! அடுத்து, 'கால்ட்' வாடகை, 'வார்ம்' வாடகை. 'கால்ட்' என்றால் வெறும் வீட்டுக்கு மட்டும். ஹீட்டர், தண்ணீர், குப்பை வகையறா சேர்ந்தால் 'வார்ம்'. கரென்ட் பில் பெரும்பாலும் அதிலும் சேராது. நம்மைச் சுடுவது 'வார்ம்'தான்!

எல்லாவற்றையும்விட வேடிக்கை, சமையலறை. பல வீடுகளில் ரூம் மட்டும் இருக்கும். அடுப்பு, ஸிங்க், அலமாரி எதுவும் இருக்காது. பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளம்பரத்தில் 'ஈ.பி.கே.' என்று போட்டிருந்தால்தான் எல்லாம் பொருத்திய சமையலறை. அக்கா கேட்டாள்: "ஏன்டா, வாசக்கதவையாவது விட்டுட்டுப் போவாங்களா?"

ஒருவழியாக ஒரு வீடு மாட்டியது. இரண்டு ரூம், பளபளவென்று போட்டோ, 650 யூரோ. மியூனிச்சுக்கு அது அடிமாட்டு விலை. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன். மூன்று மாதப் பணம் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்' என்று வீட்டுக்காரரிடமிருந்து தேனொழுக ஒரு கடிதம். 1,950 யூரோ. நம்ம காசுக்கு ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேலே!

பேங்குக்குக் கிளம்பிவிட்டேன். தறியை விட்டு எழுந்துவந்த அக்கா வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாப்ளே, அந்த வீட்டு வாசல்ல கோலம் போட்டிருக்கா?"

"ஜெர்மனியில ஏது மாமா கோலம்?"

"அது தெரியும்ப்பா. யாராவது அந்த வாசல்ல போய் நின்னு பார்த்தாங்களா?"

சுருக்கென்றது. அங்கே படிக்கும் நம்மூர்ப் பையன் ஒருவனை அனுப்பினோம். விலாசம் சரிதான். ஆனால், அங்கே இருந்தது ஒரு பல் டாக்டரின் கிளினிக்!

பிறகுதான் சட்டத்தைப் புரட்டினேன். ஜெர்மனியில் அட்வான்ஸ், 'கால்ட்' வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். முதல் தவணையே குடித்தனம் ஆரம்பிக்கும்போதுதான். 2015 முதல், புரோக்கரை யார் அமர்த்துகிறாரோ அவரே கமிஷன் தரவேண்டும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் விலாசத்தைப் பதிவு செய்யவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவேண்டும். 'அந்தக் கடிதம் தருவீங்களா?' என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. போலி ஆசாமி நழுவுவான்.

நம் ஊரிலும் சட்டம் இல்லாமலில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் கேட்கிற வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்களேன்... வீடு கிடைக்காது, அவ்வளவுதான்!

கடைசியில், மாணவர்களுக்கென்று அங்கே இருக்கும் அமைப்பின் ஹாஸ்டலில் பெண்ணுக்கு ரூம் கிடைத்தது. வரிசை நீளம், அட்மிஷன் கையில் வந்த அன்றே விண்ணப்பிப்பது உத்தமம். இடம் கிடைக்கும்வரை முதல் மாதம் தற்காலிக ரூமில் சமாளித்தாள். தனி வீடு வேண்டுமென்றாலும் போய் இறங்கி, கதவைத் தட்டிப் பார்த்த பிறகே பணம்.

அன்று வீடியோ காலில் அக்கா அடுப்பைக் காட்டச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் சாவியைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பியவர், நின்று சொன்னார்:

"அந்தப் பல் டாக்டர்தான் பாவம். பெட்டியும் கையுமா இன்னும் எத்தனை பேர் வந்து நிக்கப் போறாங்களோ!"