சந்தைக்கு வருமுன் விலை பேசலாமா?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது இல்லத்தரசிகள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அதே தக்காளி, விலை வீழும் பருவங்களில், நமது தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு வட்டாரத்தில் பறிகூலிக்கும் தேறாமல் செடியிலேயே அழுக விடப்படுவதையும் கண்டு வருகிறோம். உயர்ந்தால் வாங்குவோர் கலங்குகின்றனர். வீழ்ந்தால் விளைவித்தோர் கலங்குகின்றனர். இரு சாராரும் கேட்பது ஒன்றே: அரசாங்கம் விலையை நிர்ணயித்துவிடக் கூடாதா?

மதீனாவில் விலைவாசி ஏறியபோது மக்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் இதையே வேண்டினர். அவர்கள் இணங்கவில்லை. எவருடைய பொருளிலும் அநீதி செய்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்பதே அவர்கள் கூறியதன் சாரம். அதற்காகச் சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டார்களா? அதுவும் இல்லை. பதுக்கலைக் கண்டித்தார்கள். சரக்குடன் வருவோரை ஊருக்கு வெளியே மறித்து, அவர்கள் நிலவரம் அறியுமுன் வாங்கிவிடுவதைத் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து பார்த்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையும் அளித்தார்கள். இன்றைய மண்டிகளில் எந்த உழவருக்கு இவ்வுரிமை இருக்கிறது, சொல்லுங்கள்!

நிலவரம் அறியாமையின் விலை என்னவென்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் அளந்து காட்டினார். வட கேரளக் கடற்கரையின் மத்தி மீனவர்களை 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் கணக்கெடுத்து, 2007இல் அவர் தமது ஆய்வை வெளியிட்டார். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் வாங்க ஆளின்றிப் பதினொரு படகுகள் மீனைக் கொட்டிவிட்டன. அதே நாளில் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றிருந்தனர்! பின்னர்க் கைப்பேசி வந்தது. கரை திரும்புமுன்பே மீனவர்கள் பல துறைகளின் விலையைக் கேட்டறிந்தனர். அதுவரை அன்றாடப் பிடிப்பில் 5 முதல் 8 விழுக்காடு வரை இருந்த விரயம் ஏறக்குறைய ஒழிந்தது. மீனவரின் இலாபம் சுமார் 8 விழுக்காடு கூடிற்று; வாங்குவோருக்கும் விலை சுமார் 4 விழுக்காடு குறைந்தது. எந்த அதிகாரியும் விலை நிர்ணயிக்காமலேயே இது நிகழ்ந்தது.

அவ்வாறாயின் விலையைத் தெரிவித்துவிட்டாலே போதுமா? போதாது. மேற்கு வங்க உருளைக்கிழங்கு உழவர்களுக்கு 2008இல் மொத்தச் சந்தை விலையை நாள்தோறும் அறிவித்துப் பார்த்தனர், திலீப் முகர்ஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள். உழவர் பெற்ற சராசரி விலை உயரவில்லை. அங்கே விளைச்சல் உள்ளூர் வியாபாரிகளிடமே விற்கப்பட்டது. மொத்தச் சந்தையில் நேரே சென்று விற்கும் வழி உழவருக்கு இல்லை. கேரள மீனவரோ படகை வேறு துறைக்குத் திருப்ப முடிந்தது. வேற்றிடம் செல்ல இயலாதவருக்கு விலைச் செய்தி ஏக்கத்தைத் தவிர வேறென்ன தரும்?

நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் கூடுகள் பலர் முன்னிலையில் ஏலம் விடப்படுகின்றன. பட்டுக்கூடும் காத்திருக்காத சரக்குதான். அந்து துளைத்து வெளியேறிவிட்டால் நூலுக்கு உதவாது. எனினும் பலர் போட்டியிட்டுக் கேட்க, ஏலத்திலேயே விலை அமைகிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டம் வேறு வகையினது. மொத்த விலைக்குச் சுமார் 20 விழுக்காடு மேலாகவும் சில்லறை விலைக்குச் சுமார் 15 விழுக்காடு கீழாகவும் அன்றாட விலை அமைய வேண்டுமென்பது அதன் ஏற்பாடு. கடை வாடகை இல்லை. காய்கறிக்காரருக்கு இது பெரும் உதவி; ஆனால் ஒரே நாளில் நூறு பெட்டி தக்காளி பறிப்பவர் அனைத்தையும் அங்கே விற்றுத் தீர்க்க முடியாது. அவருக்கு மண்டிதான் கதி.

விலை நிர்ணயத்திற்கு மார்க்கத்தில் இடமே இல்லையென்று எவரும் கருதிவிட வேண்டாம். வணிகர்கள் கூடிப் பேசி விலையை இறுக்கும்போதும், ஒரு சிலரே சரக்கைக் கைக்குள் வைத்திருக்கும்போதும் ஆட்சியாளர் நியாய விலையை வகுக்கலாம் என்று ஹிஜ்ரி 728இல் மறைந்த இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் எழுதியுள்ளனர்.

இந்த இதழைப் படிப்போரில் மண்டி நடத்துவோரும் இருப்பீர்கள். விதைக்கும் உரத்திற்கும் முன்பணம் கொடுத்து, விளைச்சலைத் தம்மிடமே விற்க வேண்டுமென்று நிபந்தனை இடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபிமொழி தடுத்திருப்பதை நாம் மத்ரஸாவில் ஓதுகிறோம். அடுத்த போகத்திற்கு முன்பணம் கொடுக்குமுன், அந்த நிபந்தனையை உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் சொல்லி, அது கூடுமா என்று கேட்டுவிடுங்கள்.