மூணு மானிட்டருக்கு ஐ9 வேணுமா? கொட்டேஷனை ஒரு தடவை ஆடிட் பண்ணிடலாம்

"கேமிங், ஆபீஸ் வேலை ரெண்டுக்கும் ஒரே பிசி, மூணு மானிட்டர். அதனால ஐ9 தான் சரியா வரும்னு கடையில சொல்றாங்க." முதல் போனஸ் வந்த கையோட இப்படி ஒரு கொட்டேஷனை நீட்டுறவங்க நிறைய பேர். மொத்தம் ஒன்றரை லட்சம்னா, ப்ராசஸருக்கே ஐம்பதாயிரம், அதோட சூட்டைத் தணிக்க லிக்விட் கூலர், அதைத் தாங்குற மதர்போர்டு, பெரிய பவர் சப்ளை. இதெல்லாம் போக மிச்சம் இருக்கிறதுல ஒரு சுமாரான கிராபிக்ஸ் கார்டு. அந்த லிஸ்ட்ல தப்பான ஐட்டம்னு எதுவும் இல்லை. காசு பிரிஞ்ச விதம்தான் தப்பு.

ஏன்னா, மானிட்டருக்குப் படம் அனுப்புறது ப்ராசஸரோட வேலையே இல்லை. அது கிராபிக்ஸ் கார்டோட வேலை. பக்கத்து மானிட்டர்ல ஒரு எக்செல் ஷீட் சும்மா திறந்து கிடந்தா ப்ராசஸருக்கு அதனால பெரிய சுமை கிடையாது. யூடியூப் ஓடினாலும் வீடியோவைப் பிரிச்சுக் காட்டுறதுக்குக் கிராபிக்ஸ் சிப்லயே தனிப் பகுதி இருக்கு.

ஒரே கேமை மூணு திரையிலும் விரிச்சு ஆடப் போறீங்கன்னா கதை வேற. ஒரு ஃபுல் எச்டி திரையில சுமார் 21 லட்சம் பிக்சல், மூணு சேர்த்தா 62 லட்சம். 4கே திரை ஒண்ணுலயே 83 லட்சம். இத்தனையையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வரையப் போறதும் கிராபிக்ஸ் கார்டுதான். அங்க ப்ராசஸருக்குக் கூடுதலா இருபதாயிரம் கொடுத்தா கிடைக்கிற வித்தியாசம் ரொம்பக் கம்மி. பெரும்பாலானவங்க நடுத் திரையில கேம், ஓரத்துல டிஸ்கார்டு, ப்ரௌசர்னு தான் வைக்கிறாங்க. அதுக்கு இந்தக் கவலையும் வேண்டாம்.

அப்ப மல்டிடாஸ்கிங்? இங்கதான் ரேமையும் ப்ராசஸரையும் போட்டுக் குழப்பிக்கிறோம். இப்ப இருக்கிற கம்ப்யூட்டர்லயே டெஸ்ட் பண்ணிப் பாருங்க. வழக்கமா திறக்கிற எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்க. மெமரி 90 சதவீதத்துல முட்டிக்கிட்டு, சிபியு 30-ல நின்னா உங்க பிரச்சினை ரேம். 16 ஜிபியை 32 ஆக்கினா தீர வேண்டிய விஷயத்துக்கு எதுக்கு ஐ9? சிபியு ரொம்ப நேரம் 100-லயே நிக்குதுன்னா, அதாவது கோட் கம்பைல், விர்ச்சுவல் மெஷின், பிளெண்டர் ரெண்டரிங் மாதிரி வேலை தினமும் இருந்தா, 12 கோர், 16 கோர்னு போறதுல நியாயம் இருக்கு.

மத்தவங்களுக்கு 6 கோர், 12 த்ரெட் உள்ள ரைசன் 5 7600 மாதிரி ஒண்ணு தாராளம். பாக்ஸோடயே கூலர் வரும், 65 வாட் ரகம். வேலரன்ட், சிஎஸ் மாதிரி கேமை 240 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஆடுறவங்களுக்கு மட்டும் ப்ராசஸர் நிஜமாவே முக்கியம். அவங்க பார்க்க வேண்டியது கோர் எண்ணிக்கையை இல்லை, கேஷ் மெமரியை. 7600-ல எல்3 கேஷ் 32 எம்பி, 7800எக்ஸ்3டி-ல 96 எம்பி. கேம்ல அது முந்துறதுக்கு முக்கியக் காரணம் இதுதான். ஆனா அதோட கூலர் வராது, அந்தச் செலவையும் விலையில சேர்த்தே பாருங்க.

இன்னொரு சின்ன விஷயம். இன்டெல்ல பேருக்குப் பின்னாடி 'எஃப்' இருந்தா உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை கம்மியா இருக்கும். நான் அந்தக் காசை மிச்சம் பிடிக்க மாட்டேன். உள்ளேயே கிராபிக்ஸ் இருந்தா, கார்டுல போர்ட் பத்தலைன்னாலும் ஒரு மானிட்டரை மதர்போர்டுலயே சொருகிக்கலாம். கார்டு சர்வீஸுக்குப் போன ரெண்டு வாரமும் ஆபீஸ் வேலை நிக்காது. எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

அடுத்து சாக்கெட். 2017-ல ஏஎம்4 போர்டு வாங்கினவங்கள்ல பலர், 2022-ல வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணிப் போட்டுக்கிட்டாங்க. இன்டெல்லோட எல்ஜிஏ1700-க்கு 14-ம் தலைமுறையோட கதை முடிஞ்சுது. அதனால இன்னைக்கு ஏஎம்5-ல நடுத்தர ப்ராசஸரைப் போட்டுட்டு, தேவைப்பட்டா மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸரை மட்டும் மாத்துறதுதான் என் கணக்குக்குச் சரியாப்படுது.

இப்ப காசு கட்டுற இடம். 60,000 ரூபாயை 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ-ல போட்டா மாசம் 5,000 தானேன்னு தோணும். பேங்க் வட்டி 15 சதவீதம்னா அதுக்குள்ள சுமார் 4,600 ரூபாய் வட்டி ஒளிஞ்சிருக்கு. அதை டிஸ்கவுன்ட்னு கழிச்சிடுறாங்க, சரி. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 830 ரூபாய், உங்க கார்டுல தான் ஏறும். ப்ராசஸிங் ஃபீஸ் தனி.

"வீட்டுல இருந்து ஆபீஸ் வேலை பார்க்கவும் யூஸ் பண்றேன், டேக்ஸ்ல கழிக்கலாமா?" சம்பளக்காரங்களுக்கு முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தான், பில்லைக் காட்டித் தனியா எதையும் கழிக்க வழி இல்லை. அதுக்காக "பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்"ங்கிற பேச்சுக்குத் தலையாட்டிடாதீங்க. 30,000 ரூபாய் ப்ராசஸர்ல ஜிஎஸ்டி சுமார் 4,576 ரூபாய், ஆசை வரும்தான். 2024-ல இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள்ல வோல்டேஜ் பிரச்சினை வெளியே வந்து, கம்பெனியே வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டிக்க வேண்டி வந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல மாத்திக் கேக்கப் போனா முதல்ல கேக்கிறதே பில்லைத்தான். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும், சீல் உடைக்காத பாக்ஸா இருக்கான்னு பாருங்க. உங்க பேர்ல ஜிஎஸ்டி பில் வாங்கி, பாக்ஸ்ல இருக்கிற சீரியல் நம்பரை அதுலயே எழுதித் தரச் சொல்லுங்க. அதை அங்கேயே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் போட்டுக்கோங்க, ஏன்னா அந்தத் தாள்ல இருக்கிற எழுத்து போகப் போக மங்கிடலாம்.