காயம்பட்ட விலங்கின் தடம் எப்படிப் பேசுகிறது?

கள்ளக்குறிச்சியில் செல்பேசியில் வேட்டை விளையாட்டு ஆடும் பிள்ளைக்கு இரண்டு கேள்விகள் எழும்.

முயலுக்கும் காட்டெருமைக்கும் ஏன் வேறு வேறு துப்பாக்கி?

தோட்டாவின் ஆற்றல் அதன் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. எடை இருமடங்கானால் ஆற்றல் இருமடங்கு. வேகம் இருமடங்கானால் நான்கு மடங்கு. சிறிய தோட்டா பெரிய விலங்கின் தடித்த தசையைத் தாண்டி இதயம் வரை போகாது. விலங்கு வலியோடு ஓடிவிடும்.

ரத்தத் துளி எப்படி வழி காட்டும்?

நுரையீரலில் பட்டால் ரத்தம் பளிச்சென்ற சிவப்பில், நுரையோடு சிந்தும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் மூச்சுக்காற்றோடு கலப்பதே காரணம். கல்லீரலில் பட்டால் கருஞ்சிவப்பு. ஓடும் விலங்கின் துளி நீண்டு விழும். அதன் வால் முனை ஓடிய திசையைக் காட்டும்.

இந்த வேட்டை திரையோடு நிற்கட்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையிலும் வேட்டை குற்றம்.

ஆனால் தடம் பார்க்கும் அறிவு உயிரையும் காக்கும். 2021-இல் மசினகுடி பகுதியில், மனிதர்களைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி23 என்று குறிக்கப்பட்ட புலி காயங்களோடு திரிந்தது. கால்தடம், தானியங்கிக் கேமரா, மோப்ப நாய், கும்கி யானை என எல்லாவற்றின் துணையோடும் வனத்துறை அதை 21 நாள் தேடியது. அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்தது. மைசூரில் அதற்குச் சிகிச்சை கிடைத்தது.

தடம் படிக்கக் கற்பதன் பெரும்பயன் இதுவே.