உங்களுக்குத் தெரியுமா? விமானியின் ஆங்கிலத்துக்கும் காலாவதி உண்டு

விமானியின் உரிமத்தில் அவருடைய ஆங்கிலப் பேச்சுத்திறனின் நிலையும் குறிக்கப்படுகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அளவுகோலில் ஆறு நிலைகள் உள்ளன. உச்சரிப்பு, இலக்கண அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் ஆகிய ஆறும் சோதிக்கப்படும். எதில் குறைந்த நிலையோ அதுவே விமானியின் நிலை. மற்ற ஐந்தில் அசத்தினாலும் பயனில்லை. பன்னாட்டுப் பயணத்துக்கு நான்காம் நிலையாவது வேண்டும். நான்காம் நிலையினர் மூன்று ஆண்டுக்கொருமுறையும், ஐந்தாம் நிலையினர் ஆறு ஆண்டுக்கொருமுறையும் மறுதேர்வுக்கு உட்படப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆறாம் நிலைக்கு மறுதேர்வு இல்லை. தாய்மொழி ஆங்கிலமானாலும் விதிவிலக்கு கிடையாது. வட்டார உச்சரிப்பு பிறருக்குப் புரிய வேண்டுமே!

இவ்விதி வலுப்பெற இந்திய விபத்தும் ஒரு காரணம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்தனர். கஜகஸ்தான் விமானம் அனுமதிக்கப்பட்ட 15,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. அதன் குழுவினரின் ஆங்கிலக் குறைபாடு விசாரணையில் பேசப்பட்டது. 2003இல் ஏற்கப்பட்ட விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தயாராகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம் தரப்பட்டது.

வெளிநாட்டு உரிமத்தோடு திரும்பி இந்திய உரிமம் கோரும் பெரம்பலூர் இளைஞருக்கும் இதே அளவுகோல்தான். அந்த மாவட்டத்தார் விமானம் ஏறும் திருச்சியில், சிங்கப்பூர், கொழும்பு விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதும் ஆங்கிலத்தில்தான்.